1952 சேப்பாக்கம் வெற்றியும் அணித்தேர்வுப் பேச்சும்: திண்டிவனம், விழுப்புரம் பாதையில் ஒரு பார்வை

1952 பிப்ரவரி 10 அன்று சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1932 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்டை ஆடிய இந்தியா, இருபது ஆண்டுகள் காத்திருந்து 25ஆவது டெஸ்டில் பெற்ற முதல் வெற்றி இது. வினு மன்கட் இரு இன்னிங்சிலும் சேர்த்து 108 ரன்னுக்கு 12 விக்கெட் எடுத்தார். பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 ரன் அடித்தார்.

வெற்றியின் புள்ளிவிவரங்கள் பல இடங்களில் கிடைக்கின்றன. அந்த அணி எப்படி அமைந்தது, யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, வென்ற பிறகும் அந்தக் கேள்வி ஏன் ஓயவில்லை என்பதே ரசிகர்கள் அதிகம் பேசிய பகுதி. அந்தப் பேச்சு சென்னை நகரத்தோடு நின்றுவிடவில்லை. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையில் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று ஊர் ஊராக அது இறங்கியது.

தென்னார்க்காடு, 1952

திண்டிவனம் சென்னையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். இரண்டும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். பழைய தென்னிந்திய ரயில்வே 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் இணைந்திருந்தது. மின்சார ரயில் தாம்பரம் வரைதான். அதற்கு அப்பால் மீட்டர் பாதையில் நிலக்கரி வண்டிகள் ஓடின. விழுப்புரம் பெரிய சந்திப்பு நிலையம் என்பதால் திருச்சி, பாண்டிச்சேரி, காட்பாடி என எல்லாப் பக்கமும் போகிற பயணிகள் அங்கே இறங்கி ஏறினார்கள். சென்னையில் அச்சான தினமணியும் சுதேசமித்திரனும் இந்துவும் இந்தப் பாதையில்தான் தெற்கே வந்தன. முதல் நாள் ஆட்டத்தின் ஸ்கோரை மறுநாள் பத்திரிகையில் பார்ப்பதே பெரும்பாலோருக்கு வழி. வானொலிப் பெட்டி வசதியுள்ள சில வீடுகளில் மட்டுமே இருந்தது. வர்ணனையும் ஆங்கிலத்தில்தான் வரும். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கேட்டுச் சொல்ல, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்கிற பழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்தது.

அந்த பிப்ரவரியில் தென்னார்க்காட்டுத் திண்ணைகளில் கிரிக்கெட் முதல் பேச்சாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் ஜனவரியில்தான் சென்னை மாகாணத்தில் முடிந்திருந்தது. 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே வென்று பெரும்பான்மை இழந்தது. எஸ். எஸ். ராமசாமி படையாச்சி தலைமையிலான தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. அதன் பலம் தென்னார்க்காட்டில்தான். 1947 முதல் 1949 வரை மாகாணப் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஊரைச் சேர்ந்தவர். ஆகவே ஆட்சி யாருக்கு, நம் பக்கத்துக்கு எத்தனை இடம் என்கிற கணக்கு அங்கே சூடாக இருந்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அணித்தேர்வுப் பேச்சும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். பம்பாய்க்கு எத்தனை, வங்காளத்துக்கு எத்தனை, சென்னைக்கு எத்தனை? பதினோரு பேரில் நம்மவர் ஒருவராவது இருக்கிறாரா? பிரதிநிதித்துவம் என்ற சொல் அரசியலில் புதிதாகப் புழங்கத் தொடங்கிய காலத்தில் கிரிக்கெட் ரசிகரும் அதே கண்ணோடு அணிப் பட்டியலைப் பார்த்ததில் வியப்பில்லை.

சேப்பாக்கம் அதுவரை

சென்னையில் கிரிக்கெட்டை இந்தியர்களிடையே வளர்த்தவர் புச்சி பாபு நாயுடு. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே அவர் ஏற்பாடு செய்த மாகாண ஆட்டம் 1915 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொங்கலையொட்டி நடந்துவந்தது. சென்னை ரசிகருக்குப் பொங்கலும் கிரிக்கெட்டும் சேர்ந்தே நினைவில் நிற்பது இதனால்தான்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த இடமும் சேப்பாக்கமே. 1934 நவம்பர் 4 அன்று சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் அன்று 35 ரன்னுக்கு 11 விக்கெட் எடுத்தார். அவர் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

டெஸ்ட் ஆட்டங்களில் மட்டும் சேப்பாக்கம் ராசியில்லாத இடம். 1934 பிப்ரவரியில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து இங்கே 202 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1949 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் இன்னிங்ஸ், 193 ரன் வித்தியாசத்தில் வென்றது. அதே தொடரின் கடைசி டெஸ்டில் பம்பாயில் இந்தியா 361 ரன் இலக்கைத் துரத்தி 355 வரை வந்தது. ஆறு ரன் மிச்சமிருக்க நேரம் முடிந்துபோனது. அந்த ஆறு ரன் ரசிகர்களை மூன்று ஆண்டுகள் அரித்தது.

1951-52இல் வந்த இங்கிலாந்து அணி முழு பலத்துடன் வரவில்லை. ஹட்டன், காம்ப்டன், பெட்சர் ஆகியோர் வரவில்லை. இந்த உண்மையைச் சிலர் வெற்றியைக் குறைத்துப் பேசப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அதே அணி கான்பூரில் இந்தியாவை எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்று தொடரில் முன்னிலை பெற்றிருந்தது. முதல் மூன்று டெஸ்டும் டிரா. சென்னைக்கு வரும்போது தொடர் கைநழுவும் நிலை.

பதினோரு பேர்

விஜய் ஹசாரே தலைவர். அணியில் பங்கஜ் ராய், முஷ்டாக் அலி, மன்கட், லாலா அமர்நாத், தத்து பட்கர், சி. டி. கோபிநாத், ரமேஷ் திவேச்சா, விக்கெட் கீப்பர் கோக்கன் சென், குலாம் அகமது ஆகியோர் இருந்தனர். பதினோராவது பெயர்தான் கதை.

உம்ரிகர் அந்தத் தொடரில் எதிர்பார்த்தபடி ஆடவில்லை. சென்னை டெஸ்டுக்கான பதினோரு பேரில் அவர் பெயர் இல்லை. அவர் இடத்தில் ஆடவேண்டியவர் ஹேமு அதிகாரி. ஆட்டத்துக்குச் சற்று முன் அதிகாரிக்கு அடிபட்டது. அவர் விலக, உம்ரிகர் கடைசி நேரத்தில் உள்ளே வந்தார். பேட்டிங் வரிசையில் ஏழாவது. அங்கிருந்து அடித்த 130 ரன்தான் இந்தியாவை எட்டமுடியாத உயரத்துக்குக் கொண்டுபோனது.

தேர்வாளர்கள் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியவர் சதம் அடித்தார். அவரை உள்ளே கொண்டுவந்தது ஒரு காயம். ஆனால் ஒதுக்கியது தவறு என்று அடித்துச் சொல்வதும் எளிதல்ல என்பதை அடுத்த சில மாதங்கள் காட்டின. அதைப் பின்னர் பார்க்கலாம்.

அமர்நாத்தின் இடமும் பேச்சுக்குரியது. 1947-48 ஆஸ்திரேலியப் பயணத்திலும் அடுத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகவும் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1949இல் கிரிக்கெட் வாரியத்துடன் மோதல் ஏற்பட்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். சென்னையில் அவர் ஹசாரேயின் கீழ் சாதாரண உறுப்பினராக ஆடி 31 ரன் எடுத்தார். வாரியத்தின் உட்பூசல் அணிக்குள் எந்த அளவு வந்தது என்பது அக்காலப் பத்திரிகை வாசகர்களுக்கு ஓயாத தலைப்பு.

சென்னைக்காரர் என்று சொல்ல அணியில் ஒருவரே இருந்தார்: கோபிநாத். வயது 21. டெஸ்ட் நடக்கும் ஊரின் ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்ப்பது அக்காலத்தில் வழக்கமாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. கூட்டம் சேர்க்க உள்ளூர் பெயர் வேண்டும் என்பார்கள். கோபிநாத் விஷயத்தில் அது பொருந்தாது. அதே தொடரில் பம்பாயில் அறிமுகமான டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 50, பிறகு 42 என்று எடுத்தவர் அவர். சேப்பாக்கத்தில் அவர் எடுத்தது 35. பெரிய எண் அல்ல. ஆனால் மறுமுனையில் உம்ரிகர் சதம் நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் தாக்குப்பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

நான்கு நாள் ஆட்டம்

இங்கிலாந்துத் தலைவர் நைஜல் ஹோவர்டு உடல்நலமின்றி விலக, டொனால்ட் கார் பொறுப்பேற்றார். பிப்ரவரி 6 அன்று நாணயச் சுழற்சியில் வென்று பேட்டிங்கைத் தேர்ந்தார். அன்று இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காமில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். செய்தி சேப்பாக்கத்துக்கு ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே வந்தது. இந்தியா குடியரசாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தாலும் மன்னர் காமன்வெல்த்தின் தலைவராக இருந்தார். எதிரே ஆடுவது அவருடைய நாட்டு அணி. மறுநாள் ஆட்டம் நிறுத்தப்பட்டு, பின்னர் வரவேண்டிய ஓய்வு நாள் முன்னுக்கு நகர்த்தப்பட்டது.

முதல் நாள் முடிவில் இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 224. ஜாக் ராபர்ட்சன் 77, டிக் ஸ்பூனர் 66 எடுத்திருந்தனர். நல்ல தொடக்கம்தான். ஆனால் பிப்ரவரி 8 அன்று ஆட்டம் தொடர்ந்தபோது மிச்சமிருந்த ஐந்து விக்கெட்டும் 42 ரன்னில் சரிந்தன. மொத்தம் 266. மன்கட் 38.5 ஓவரில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட்.

மன்கட் இடது கை மெதுப் பந்துவீச்சாளர். பந்தைக் காற்றில் தொங்கவிட்டு மட்டையாளரைக் கிரீசை விட்டு வெளியே இழுப்பது அவர் வேலை. இறங்கி வந்தவர் பந்தைத் தவறவிட்டால் பின்னால் சென் காத்திருப்பார். முதல் இன்னிங்சில் மட்டும் நான்கு பேரை மன்கட் பந்தில் சென் ஸ்டம்பிங் செய்தார்; இரண்டாம் இன்னிங்சில் இன்னொருவர். எட்டு விக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சென்னின் பங்கு தெரியாது. விக்கெட் கீப்பர் தேர்விலும் அக்காலத்தில் பம்பாயா வங்காளமா என்ற இழுபறி இருந்ததுண்டு. அந்த நான்கு ஸ்டம்பிங் சென்னுக்காக வாதாடியவர்களுக்குக் கிடைத்த சான்று.

இந்தியாவுக்குப் பங்கஜ் ராய் 111 ரன் எடுத்து அடித்தளமிட்டார். ஹசாரே 20, மன்கட் 22 என்று நடுவரிசை பெரிதாக நிலைக்கவில்லை. இந்த இடத்தில்தான் ஏழாவதாக வந்த உம்ரிகரின் அருமை தெரிகிறது. பட்கர் 61 எடுத்துத் துணை நின்றார், பிறகு கோபிநாத். 9 விக்கெட்டுக்கு 457 என்ற நிலையில் ஹசாரே இன்னிங்சை முடித்துக்கொண்டார். முன்னிலை 191.

அந்த 191ஐக்கூட இங்கிலாந்தால் எட்டமுடியவில்லை. ராபர்ட்சன் மீண்டும் 56, வாட்கின்ஸ் 48. மற்றவர்கள் யாரும் கால் ஊன்றவில்லை. மன்கட் 53 ரன்னுக்கு 4, குலாம் அகமது 77 ரன்னுக்கு 4. மொத்தம் 183. ஐந்து நாள் டெஸ்ட் நான்கே ஆட்ட நாளில் முடிந்தது. தொடர் 1-1 என்று சமமானது.

வென்ற அணிக்கு நேர்ந்தது

முதல் வெற்றி பெற்ற அணியை அப்படியே அடுத்த தொடருக்கு அனுப்பியிருப்பார்கள் என்று இன்றைய வாசகர் எண்ணக்கூடும். நான்கு மாதத்தில் நடந்ததோ வேறு.

1952 கோடையில் இந்தியா இங்கிலாந்து சென்றது. முஷ்டாக் அலி போகவில்லை. சேப்பாக்கம் டெஸ்டே அவருக்குக் கடைசி டெஸ்டாக முடிந்தது. அமர்நாத் பெயரும் பட்டியலில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மன்கட் இல்லை. சென்னையில் 12 விக்கெட் எடுத்தவர் இங்கிலாந்திலேயே இருந்தார், ஆனால் வேறு வேலையில். லங்காஷைர் லீக்கில் ஹாஸ்லிங்டன் சங்கத்துக்கு ஊதியத்துக்கு ஆட ஒப்பந்தம் வந்தபோது, அணியில் தனக்கு இடம் உறுதி என்றால் ஒப்பந்தத்தை விட்டுவிடுவதாக அவர் வாரியத்திடம் கேட்டார். வாரியம் உறுதி தரவில்லை. அக்காலத்தில் டெஸ்ட் ஆடிப் பிழைப்பு நடத்தமுடியாது. லீக் ஒப்பந்தம்தான் சோறு போட்டது. அவர் கேட்டதில் அகந்தை ஏதும் இல்லை. யாருக்கும் முன்கூட்டி உறுதி தருவதில்லை என்ற விதியைக் காட்டி வாரியம் தன் மிகச்சிறந்த ஆட்டக்காரரை இழந்தது.

விளைவு லீட்ஸில் தெரிந்தது. ஜூன் மாதம் நடந்த முதல் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்சில் இந்தியா ஒரு ரன்கூட எடுக்காமல் நான்கு விக்கெட்டை இழந்தது. ஸ்கோர் பலகையில் 0-4 என்று நின்ற அந்தக் காட்சி கிரிக்கெட் வரலாற்றில் இன்றும் காட்டப்படுகிறது. புதிதாக வந்த பிரெட் ட்ரூமன் வேகத்தில் மூன்று விக்கெட் எடுத்திருந்தார். உடனே ஹாஸ்லிங்டனிடம் பேசி மன்கட்டைக் கடனாக வாங்கினார்கள். லார்ட்ஸ் டெஸ்டில் அவர் 72, 184 என்று எடுத்தார். பந்துவீச்சில் 73 ஓவர் வீசி 5 விக்கெட். இந்தியா அந்த டெஸ்டில் தோற்றது. ஆனாலும் அது மன்கட் டெஸ்ட் என்றே பெயர் பெற்றது.

இப்போது உம்ரிகர். சேப்பாக்கத்தில் தேர்வாளர்களை வெட்கப்பட வைத்தவர் அந்தத் தொடரில் ஏழு இன்னிங்சில் மொத்தம் 43 ரன் எடுத்தார். ட்ரூமன் பந்துக்கு விலகி விலகி நின்றார் என்ற கேலி அவரைப் பல ஆண்டு துரத்தியது. சென்னையில் சதமடித்த இன்னொருவரான பங்கஜ் ராய் அதே தொடரின் ஏழு இன்னிங்சில் ஐந்து முறை பூஜ்யம். மறுபுறம், சென்னையில் காயத்தால் இடம் இழந்த அதிகாரி, அக்டோபரில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரே ஆட்டமிழக்காமல் 81 ரன் எடுத்து, கடைசி விக்கெட்டுக்குக் குலாம் அகமதுவுடன் 109 ரன் சேர்த்தார். பிப்ரவரியில் உம்ரிகரா அதிகாரியா என்று பந்தயம் கட்டியிருந்தால் பிப்ரவரியில் ஒருவர் வென்றிருப்பார், அக்டோபரில் மற்றவர். உம்ரிகர் பின்னாளில் இந்தியாவுக்காக மிக அதிக டெஸ்ட் ரன் எடுத்தவராக உயர்ந்து, கவாஸ்கர் காலம் வரை அந்த இடத்தில் இருந்தார். ஒரு ஆட்டத்தை வைத்து ஒருவரை எடைபோட முடியாது என்று தேர்வாளர்கள் சொல்வது சரி. ஒரு ஆட்டத்தை வைத்துத்தான் அவர்களும் எடைபோடுகிறார்கள் என்று ரசிகர்கள் சொல்வதும் சரி.

1956 ஜனவரியில் ராயும் மன்கட்டும் சென்னைக்குத் திரும்பி வந்தார்கள். மாநகராட்சி விளையாட்டரங்கில் நியூசிலாந்துக்கு எதிரே முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தனர். மன்கட் 231, ராய் 173. 2008 வரை உலகச் சாதனையாக நின்ற கூட்டணி அது.

சென்னையின் மனக்குறைகள்

தெற்கத்தி ரசிகர்களின் அணித்தேர்வுப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில உண்டு. முதல் பெயர் ஏ. ஜி. ராம்சிங். இடது கை ஆல்ரவுண்டர். ரஞ்சியின் முதல் நாளிலேயே 11 விக்கெட் எடுத்தவர் அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றில்கூட ஆடவில்லை. நல்ல வயதில் உலகப்போர் குறுக்கிட்டது என்பது உண்மை. அதற்கு முன்பும் பின்பும் வாய்ப்பு இருந்தது என்பதும் உண்மை. அவருடைய மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் டெஸ்ட் ஆடினர். கிருபால் 1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரே அறிமுக டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 100 அடித்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் கிருபால் சிங் இன்னொரு வேலையும் செய்திருந்தார். 1954-55 ரஞ்சி இறுதியாட்டத்தில் இந்தூரில் ஹோல்கர் அணியைச் சென்னை 46 ரன் வித்தியாசத்தில் வென்றது. பாலு அழகனன் தலைமை. சென்னைக்கு அது முதல் ரஞ்சிக் கோப்பை. கிருபால் அந்த ஆட்டத்தில் இரு இன்னிங்சிலும் அரைசதம் கடந்து, பந்துவீச்சிலும் ஏழு விக்கெட் எடுத்தார்.

அடுத்த பெயர் வி. வி. குமார். லெக் ஸ்பின்னர். 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடிய அவர் முதல் இன்னிங்சிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் கொடுத்தார்கள். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்தவரின் டெஸ்ட் வாழ்க்கை இரண்டு ஆட்டத்தில் முடிந்தது. இதில் சூழ்ச்சி தேடுவோர் உண்டு. சுழல் பந்துவீச்சாளர்கள் வரிசை கட்டி நின்ற காலத்தில் லெக் ஸ்பின்னுக்குச் சந்திரசேகர் வந்துவிட்டார் என்பது எளிய விளக்கம். ஆனால் சந்திரசேகர் வந்தது 1964இல். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கு அந்த விளக்கம் போதாது.

எஸ். வெங்கட்ராகவன் கதை இவற்றில் விசித்திரமானது. 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தவர் என்பதால் வாய்ப்பே கிடைக்காதவர் அல்ல. பிரசன்னாவா வெங்கட்டா என்பது பத்து ஆண்டுக்கும் மேல் நீடித்த பட்டிமன்றம். பெங்களூருக்காரர்கள் ஒருபக்கம், சென்னைக்காரர்கள் மறுபக்கம். 1974 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெல்லி டெஸ்டில் பட்டோடிக்குக் காயம் என்பதால் வெங்கட் தலைமை தாங்கினார். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பினார். முந்தைய டெஸ்டின் தலைவர் பன்னிரண்டாவது ஆளாகக் குளிர்பானம் சுமந்தார். தேர்வின் தர்க்கத்தில் பிழை சொல்லமுடியாது, ஏனென்றால் ஒரே ஆஃப் ஸ்பின்னருக்குத்தான் இடம், அது பிரசன்னாவுக்கு என்று முடிவானது. ஆனாலும் தலைவராக இருந்தவரை அடுத்த ஆட்டத்திலேயே வெளியே உட்கார வைத்தது தமிழ்நாட்டு ரசிகருக்கு ஆறாத புண். அந்தத் தொடரின் சென்னை டெஸ்டில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ரன்னும் பிரசன்னா எடுத்த ஒன்பது விக்கெட்டும் வெற்றி தந்தன. பெங்களூர்க் கட்சிக்கு அன்று வாய் நிறைய வெல்லம்.

தமிழில் வர்ணனை

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இந்தப் பேச்சின் தன்மையை மாற்றியது வானொலியின் தமிழ் வர்ணனை. சிறிய டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிவாகி, சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் வந்த பிறகு சென்னை வானொலி நிலையம் தமிழில் வர்ணனை கொடுக்கத் தொடங்கியது. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோர் குரல்கள் 1980களில் வீட்டுக்கு வீடு தெரிந்தவை. ரஞ்சிக் கோப்பையை வென்ற பாலு அழகனன் ஆங்கில வர்ணனையாளராக ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார்.

இதற்கு முன் ஆங்கிலம் தெரிந்தவர் சொன்னதை மற்றவர்கள் நம்பவேண்டியிருந்தது. அவர் பிரசன்னா பக்கம் என்றால் வெங்கட் வீசிய நல்ல ஓவர் கேட்பவர் காதுக்கு வந்துசேராது. தமிழ் வர்ணனை அந்த இடைத்தரகரை நீக்கியது. கேட்டவர் எல்லோரும் நேரடியாகக் கேட்டார்கள், ஆகவே எல்லோரும் சண்டை போட்டார்கள். கிரிக்கெட் தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்பு தாண்டி இறங்கியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மைதானத்தில் ஆளில்லாத இடத்தைத் தேடி அடித்தார் என்பது போன்ற வாக்கியங்கள் தெருவில் ஆடும் சிறுவர் வாயிலும் வந்தன.

பேசுவது பரவிய அளவுக்கு ஆடும் வாய்ப்பு பரவவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாநில அணிக்குப் போகும் வழி சென்னை லீக் ஆட்டங்கள் வழியாகத்தான் இருந்தது. மாவட்டத்தில் நன்றாக ஆடுகிற பையன் சென்னையில் ஒரு சங்கத்தில் சேரவேண்டும். அதற்குத் தங்க இடம், ஒரு வேலை, மட்டையும் காலுறையும் வாங்கப் பணம் என எல்லாம் வேண்டும். சென்னை தேர்வாளர்கள் பம்பாயைப் பற்றி என்ன குறை சொன்னார்களோ, அதையே மாவட்டத்துக்காரர்கள் சென்னையைப் பற்றிச் சொன்னார்கள்.

1988 ஜனவரியும் அதற்குப் பிறகும்

1988 பொங்கல் வாரத்தில் சேப்பாக்கம் 1952ஐ நினைவூட்டும் ஓர் ஆட்டத்தைக் கண்டது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரே ரவி சாஸ்திரி தலைமையில் இந்தியா 255 ரன் வித்தியாசத்தில் வென்றது. அறிமுகமான லெக் ஸ்பின்னர் நரேந்திர ஹிர்வானி 61க்கு 8, 75க்கு 8 என்று 16 விக்கெட் எடுத்தார். மன்கட்டுக்குச் சென் இருந்ததைப் போல ஹிர்வானிக்குக் கிரண் மோரே. இரண்டாம் இன்னிங்சில் மட்டும் ஐந்து ஸ்டம்பிங். கோபிநாத் இடத்தில் இம்முறை உள்ளூர் அறிமுகம் டபிள்யூ. வி. ராமன். முதல் இன்னிங்சில் 9, இரண்டாவதில் 83. அன்றும் அதே கேள்வி எழுந்தது: உள்ளூர்ப் பையன் என்பதால் வாய்ப்பா, தகுதியால் வாய்ப்பா? 83 ரன் அதற்குப் பதில் சொன்னது, பாதியளவுக்காவது. ராமன் அதன்பின் பத்து டெஸ்ட்தான் ஆடினார்.

அதே பருவத்தில் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு இறுதியாட்டத்தில் ரயில்வே அணியைச் சேப்பாக்கத்தில் இன்னிங்ஸ், 144 ரன் வித்தியாசத்தில் வென்று ரஞ்சிக் கோப்பையை மீண்டும் கைப்பற்றியது. இடையில் 33 ஆண்டுகள்.

அண்மைக் காலத்தில் இந்தப் பட்டியலில் சேர்ந்த பெயர் ரவிச்சந்திரன் அஸ்வின். 2021 இங்கிலாந்துப் பயணத்தில் அந்த ஆண்டு நடந்த நான்கு டெஸ்டிலும் அவர் ஆடவில்லை. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்திலும் வெளியே உட்கார்ந்தார். இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆட்டம் தொடங்குமுன் பச்சைப் புல்லைக் காட்டி நான்கு வேகப்பந்து போதும் என்று சொன்னவர்கள் ஐந்தாம் நாள் மாலை வேறு மாதிரி பேசினார்கள். 2024 டிசம்பரில் 537 டெஸ்ட் விக்கெட்டுடன் அவர் ஓய்வு அறிவித்தார். அறிவித்தது ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவில், பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு. அந்த டெஸ்டிலும் அவருக்கு இடமில்லை.

விழுப்புரத்தைப் பொறுத்தவரை இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2018-19 முதல் புதுச்சேரி தனி அணியாக ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறது. 1952இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊர் விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். எழும்பூருக்கு ரயில் ஏறாமல் காலையில் பேருந்து பிடித்துப் போய் முதல்தர ஆட்டம் பார்த்துவிட்டு, அந்த அணியில் யாரைச் சேர்த்திருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டே மாலையில் வீடு திரும்ப முடிகிறது.